குழந்தைகளுக்குச் செஸ் கற்பிப்பதை முழுநேரத் தொழிலாகக் கொள்ளலாமா?

கோபிக்காரன்:

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கிறேன். சனிக்கிழமை மாலையும் ஞாயிற்றுக்கிழமையும் கோபியில் எங்கள் வீட்டு மாடியில் ஏழு முதல் பதினொரு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுக்கிறேன். 2024 டிசம்பரில் குகேஷ் சிங்கப்பூரில் டிங் லிரேனை வென்று உலக சாம்பியனானது முதல், இடம் இருக்கிறதா என்று கேட்டு வரும் பெற்றோருக்குப் பதில் சொல்லி மாளவில்லை. ஆகவே வேலையை விட்டு இதிலேயே இறங்கிவிடலாமா என்று யோசிக்கிறேன். "மாசமானா சம்பளம் வர்ற வேலைய உட்டுப்போட்டு, பொம்மை நகத்தறதுக்கா போறே?" என்று அம்மா கேட்கிறார். பல ஆண்டுகளாகப் பயிற்சியாளராக இருப்பவர்கள் இந்த வாழ்க்கையின் அன்றாடத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும். இன்னொன்றும் கேட்க வேண்டும்: போட்டியில் தோற்று அழுதுகொண்டு வெளியே வரும் பிள்ளையிடமும், பக்கத்தில் முகம் இறுகி நிற்கும் தகப்பனாரிடமும் நீங்கள் என்ன பேசுவீர்கள்?

ஈரோடு மாஸ்டர்:

வருமானத்தை முதலில் பேசிவிடுவோம். ஏப்ரல், மே மாதங்களில் கோடை முகாமால் கை நிறையும். ஜூனில் பள்ளி திறந்ததும் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். எவ்வளவு திறமை இருந்தாலும் ஒன்பதாம் வகுப்பை எட்டிய பிள்ளையைப் பொதுத்தேர்வைக் காட்டி நிறுத்திவிடுவது நம் பகுதி வழக்கம். நாமக்கல் பக்கம் விடுதிப் பள்ளியில் சேர்த்துவிட்டால் செஸ் போர்டு பரணுக்குப் போய்விடும். எனவே இரண்டு பள்ளிகளிலாவது வாராந்திர வகுப்பு உறுதியான பிறகே வேலையை விடுங்கள். உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே வழங்கும் ஸ்கூல் இன்ஸ்ட்ரக்டர் பட்டமோ டெவலப்மென்டல் இன்ஸ்ட்ரக்டர் பட்டமோ கையில் இருந்தால் பள்ளி நிர்வாகத்திடம் பேசுவது எளிது.

தோற்று வரும் பிள்ளையிடம் நான் முதலில் வாங்கிப் பார்ப்பது ஸ்கோர் ஷீட்டை. நீண்ட நேரம் ஆடும் கிளாசிக்கல் ஆட்டத்தில் ஒவ்வொரு நகர்வையும் எழுதியாக வேண்டும் என்பதால், பிள்ளையின் மனம் எங்கே ஓட ஆரம்பித்தது என்பது அந்தத் தாளிலேயே தெரியும். தொடக்கத்தில் குண்டு குண்டாக இருந்த எழுத்து, எதிரியின் யானையை வெட்டிய இடத்தில் கோணலாகி, அதற்குப் பிறகு இரண்டு நகர்வுகள் எழுதப்படாமலே விட்டுப்போயிருக்கும். ஆளுக்கு 90 நிமிடமும் நகர்வுக்கு 30 வினாடியும் உள்ள ஆட்டத்தைக் கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு வந்திருப்பார்கள்.

பவானியிலிருந்து என்னிடம் வரும் ஒரு சிறுமி, ராணி ஒன்று கூடுதலாக இருந்த ஆட்டத்தை டிராவாக்கிவிட்டு வந்தாள். கறுப்பு ராஜா ஏ8 மூலையில் தனியாக நிற்க, இவள் ராணியைச் சி7இல் கொண்டுபோய் வைத்தாள். செக் இல்லை, எதிரிக்கு நகர இடமும் இல்லை, ஸ்டேல்மேட். அவளிடம் நான் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. அதே நிலையைப் போர்டில் வைத்து, "இப்ப கறுப்பு நீதான், எங்கே போவே கண்ணு?" என்று மட்டும் கேட்டேன். ஒவ்வொரு கட்டமாக விரலை வைத்துப் பார்த்தவள் கொஞ்ச நேரத்தில் தானாகவே சிரித்துவிட்டாள். இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் இதுதான்.

தகப்பனாருக்கு, ஆட்டத் திறனைப் புள்ளியாகக் காட்டும் ரேட்டிங்கின் கணக்கைச் சொல்லிவிடுவது நல்லது. 2024 மார்ச்சில் ஃபிடே ரேட்டிங்கின் அடிமட்டம் 1400 என்று உயர்த்தப்பட்டது. பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு 2300 எட்டும் வரை கே மதிப்பு (ஓர் ஆட்டத்தால் ரேட்டிங் எவ்வளவு மாறும் என்பதை முடிவு செய்யும் எண்) 40 என்பதால், சம ரேட்டிங் உள்ளவரை வென்றால் 20 புள்ளி கூடும், தோற்றால் 20 குறையும். ஐந்து ஆட்டம் தொடர்ந்து தோற்றால் ஏறத்தாழ நூறு புள்ளி போய்விடும். அதை வைத்து ஒன்பது வயதுப் பிள்ளையை எடை போட்டால் அது தகப்பனாரின் பிழை.

சோமனூர் தறிக்காரர்:

நான் பயிற்சியாளர் அல்லன். ஈரோட்டு மாஸ்டர் சொல்லும் அந்த முகம் இறுகிய தகப்பன். விசைத்தறியை ஆள் வைத்துவிட்டு, ஏதோ ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்து வேப்பமரத்தடியில் அரிசிம்பருப்புச் சாதத்தோடு காத்திருப்பவனின் பக்கத்தையும் கேட்க வேண்டும். அரங்கத்துக்குள் எங்களை விடமாட்டார்கள். பிள்ளை வெளியே வரும்போது தலை குனிந்திருந்தால்தான் சேதியே தெரியும். நுழைவுக் கட்டணம், தங்கும் செலவு, பயிற்சிக் கட்டணம் என்று கட்டுகிறவனுக்குக் கேள்வி வரத்தானே செய்யும்? வாசலில் குகேஷின் படத்தைப் பெரிதாக ஒட்டிச் சேர்க்கை நடத்துகிறவர்கள், பிறகு எங்களிடம் பொறுமையைப் பற்றிப் பேசுவது வேடிக்கையாக இருக்கிறது. கோபிக்காரர் இறங்குவதாக இருந்தால், சேரும் நாளிலேயே, இந்த ஆண்டு இன்னின்னதுதான் கற்றுத்தர முடியும் என்று பெற்றோரிடம் சொல்லிவிடட்டும்.

பொள்ளாச்சி டீச்சர்:

தறிக்காரர் ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஈரோட்டு மாஸ்டரோடு எனக்கு ஓரிடத்தில் உடன்பாடில்லை. ஒரே நாளில் இரண்டு, மூன்று ரவுண்டு நடக்கும் போட்டியில், தோற்ற கையோடு ஸ்கோர் ஷீட்டைப் பிரித்தால் அந்தத் தோல்வியை மனத்தில் சுமந்துகொண்டே பிள்ளை அடுத்த மேசைக்குப் போகும். நான் முதலில் சாப்பிட வைப்பேன். ஆட்டத்தைப் பற்றிய பேச்சு மறுநாள் வகுப்பில்தான். ஏழு வயதுக்கும் பதின்மூன்று வயதுக்கும் ஒரே முறை பொருந்தாது.

இன்னொன்று, பெண் குழந்தைகள். கீழ் வயதுப் பிரிவுகளில் நன்றாக ஆடும் சிறுமிகள் பருவமடைந்ததும் வெளியூர்ப் போட்டிக்கு வருவதில்லை, உடன் வர ஆள் இல்லை என்பதால். செஸ் வீராங்கனை வைஷாலி 2023இல் கிராண்ட்மாஸ்டர் ஆனதைப் பாராட்டும் வீடுகளிலேயே இது நடக்கிறது. நாங்கள் மூன்று, நான்கு தாய்மார்களைச் சேர்த்து, முறை வைத்து ஒருவர் எல்லாப் பெண்களையும் அழைத்துப் போகும்படி ஏற்பாடு செய்திருக்கிறோம். பயிற்சியாளர் வேலையில் இதுவும் சேரும். இதற்கெல்லாம் கட்டணம் கிடையாது.

கோபிக்காரன்:

மூவருக்கும் நன்றி. பள்ளிகளில் பேசிப் பார்த்த பிறகே ராஜினாமா என்று தீர்மானித்துவிட்டேன். ஒரே ஒரு சந்தேகம்: என் மாணவர்கள் ஆட்டம் முடிந்ததும் கைப்பேசியில் எஞ்சினை, அதாவது நகர்வுகளை அலசி யார் கை ஓங்கியிருக்கிறது என்று எண்ணால் காட்டும் மென்பொருளைத் திறந்து, "இங்க எனக்கு பிளஸ் மூணு சார்" என்கிறார்கள். தடுக்கலாமா?

ஈரோடு மாஸ்டர்:

டீச்சரம்மா சொன்னது சிறு பிள்ளைகள் விஷயத்தில் சரி. பல ரவுண்டு நடக்கும் நாட்களில் நானும் அப்படியே செய்து பார்க்கிறேன்.

எஞ்சினைப் பொறுத்தவரை, விஷ்ணு பிரசன்னா குகேஷை நெடுங்காலம் எஞ்சின் இல்லாமலே பயிற்றுவித்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. அதை எல்லாருக்கும் விதியாக்க முடியாது, ஆனால் உங்கள் வயதுப் பிள்ளைகளுக்குப் பொருந்தும். தடுப்பதைவிட வரிசையை மாற்றுங்கள். எங்கே பிசகியது என்று பிள்ளை முதலில் தன் கைப்பட ஸ்கோர் ஷீட்டில் குறிக்கட்டும், பிறகு எஞ்சினைத் திறக்கட்டும். பிளஸ் மூன்று என்று சொல்லும் பையனிடம், அந்த மூன்றை வெற்றியாக்கிக் காட்டச் சொல்லி எதிரே நீங்கள் உட்காருங்கள். அதற்கு முன், ராஜாவும் ஒரு சிப்பாயும் மட்டும் உள்ள முடிவாட்டத்தைச் சொல்லிக்கொடுத்துவிடுங்கள்: ஓரச் சிப்பாய் நீங்கலாக, சிப்பாய்க்கு முன்னால் ஆறாம் வரிசையில் அதன் சொந்த ராஜா நின்றுவிட்டால் யார் முறையாக இருந்தாலும் வெற்றிதான். நம் ஊர்ப் போட்டிகளில் கைக்கு வந்த ஆட்டம் பலவும் நழுவுவது அங்கேதான்.