பிறைபோல் வெட்டுப்பட்ட 5 ரூபாய்: அக்கசாலைப் பிழையா, யாரோ அராவியதா?

தச்சநல்லூர் தம்பி:
தாத்தாவின் தகர டப்பாவில் பழைய கனமான 5 ரூபாய் ஒன்று இருந்தது. ஓரத்தில் பிறை வடிவில் துண்டு இல்லை. கூடவே பதினொரு பக்க 2 ரூபாய், தாமிரபரணியின் குறுக்குத்துறைப் படித்துறையில் மணலோடு எடுத்தது. அதில் இந்திய வரைபடத்தைச் சுற்றி எழுத்துகளே காணோம். இரண்டும் அக்கசாலையில், அதாவது நாணயம் அடிக்கும் இடத்திலேயே, தவறாகிப்போன பிழை நாணயமா அண்ணாச்சி?

டவுன் அண்ணாச்சி:
முதலில் எடை பாருங்கள். 5 ரூபாய் 9 கிராம், 2 ரூபாய் 6 கிராம் இருக்கணும்.

பாளை சேகரிப்பாளர்:
5 ரூபாய்க்கு எடை மட்டும் போதாது. அராவினாலும் எடை குறையும், பிழையானாலும் குறையும். விரித்த மாவில் டம்ளரால் வட்டம் வெட்டும்போது முந்தைய ஓட்டை மேல் பட்டால் பிறையாகக் குறையுமல்லவா, நாணயத்துக்கு உலோகத் தகட்டில் வட்ட வில்லை வெட்டும்போதும் அப்படித்தான். அப்புறம் அந்த வில்லையை உருட்டி விளிம்பு எழுப்புவார்கள். வெட்டுப்பட்ட பக்கம் அழுத்தம் கிடைக்காததால் நேர் எதிர்ப்பக்க விளிம்பும் மெலிந்துபோகும். இதை பிளேக்ஸ்லி விளைவு என்பார்கள். எல்லாப் பிழை நாணயத்திலும் தெளிவாகத் தெரியாது, தெரிந்தால் நல்ல சாட்சி. வெட்டை ஒட்டிய எழுத்தையும் லென்ஸில் பாருங்கள். பிழையென்றால் எழுத்து வெட்டை நோக்கி இழுபட்டு மங்கும். அராவியதென்றால் பாதியில் கத்தரித்ததுபோல் நிற்கும், அரத்தின் கோடுகளும் இருக்கும்.

தச்சநல்லூர் தம்பி:
ஆசாரி தராசில் வைத்தேன். 5 ரூபாய் 8.6 கிராம். எதிர்ப்பக்கம் விளிம்பு ஏறக்குறைய இல்லவே இல்லை, எழுத்தும் வெட்டுப் பக்கம் சாய்ந்து நீண்டிருக்கிறது. அரக்கோடு ஒன்றுமில்லை. 2 ரூபாய் 5.5தான்.

பாளை சேகரிப்பாளர்:
5 ரூபாய் பிழை நாணயம்தான், சந்தோஷம் தம்பி! தேய்த்துக் கழுவிவிடாதீர்கள், புளி போட்டால் மேற்பரப்பே போய்விடும்.

2 ரூபாய் அப்படி இல்லை. அச்சில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்து எழுத்து விழாமல் போவது உண்டு. ஆனால் அப்போது எடை குறையாது, மற்ற இடம் கூர்மையாகவே இருக்கும். உங்களுடையதில் அரை கிராம் உலோகமே போயிருக்கிறது. சாய்த்துப் பிடித்தால் முகம் முழுக்கப் பொடிமணல் உரசிய சொரசொரப்பு தெரியும்.

தச்சநல்லூர் தம்பி:
ஆமாம், இரண்டு பக்கமும் அப்படித்தான் இருக்கிறது. தாமிரபரணி தேய்த்த காசு என்று எழுதித் தனி உறையில் போட்டுவிட்டேன்.