நம்ம தோட்டம், நம்ம சொந்தம் (குடும்பக் குழு)

கவின்: பெரியப்பா, செய்தி பார்த்தீங்களா? 2026 பருவத்துக்குக் கொப்பரைக்கு அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச ஆதார விலையை ஏற்றியிருக்கிறார்கள். எண்ணெய் ஆட்டுகிற அரவைக் கொப்பரை குவிண்டால் 12,027 ரூபாய், முழுசாக இருக்கிற பந்துக் கொப்பரை 12,500. போன பருவத்தில் அரவை 11,582தான்.

பெரியப்பா: பார்த்தேன் கண்ணு. கிலோ 120 ரூபாய். 2025 நடுவில் வெளி மார்க்கெட்டில் 200-ஐத் தாண்டிப் போனதே, அப்போது அரசுக்குக் கொடுக்க யார் போனார்கள்?

கவின்: விலை விழுந்தால் தாங்கிப் பிடிக்குமே?

பெரியப்பா: 2023-ல் விழுந்தது. ஆதார விலை கிலோ 108.60, வியாபாரி கேட்டது 80 ரூபாய் அளவில். சரி, ஆதார விலைக்கு அரசு வாங்குகிற ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குப் போகலாம் என்றால் சிட்டா, அடங்கல், ஆதார், பேங்க் பாஸ்புக் எல்லாம் வேண்டும். ஈரப்பதம் 6 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். காயும்போது ஒரு தூறல் விழுந்தால் போச்சு, மறுபடி களத்தில் கொட்டிக் காயவைக்க வேண்டியதுதான். அது மட்டுமில்லை, விளைந்ததை எல்லாம் வாங்கவும் மாட்டார்கள், அளவு உண்டு.

பெரியப்பா: இன்னொன்று. அவர்கள் வாங்குவது கொப்பரையை. நம்ம பக்கம் பாதிப் பேருக்குக் காயவைக்கக் களமே கிடையாது, காயாகவே வியாபாரிக்குப் போட்டுவிடுகிறார்கள். அவர்களுக்கு இந்த விலை எப்படி வந்து சேரும்?

சுதா அக்கா: கவின், 2014-ல் அரவைக் கொப்பரைக்கு 5,250. இப்போது இரண்டு மடங்குக்கு மேல். அறிவிப்பில் குறையே இல்லை, வாங்குவதில்தான் குறை. எள்ளைப் பார், 2025-26-க்குக் குவிண்டால் 9,846 என்று போட்டார்கள். ஆனால் நெல்லுக்கு இருக்கிற மாதிரி ஊருக்கு ஊர் கொள்முதல் நிலையம் இருக்கிறதா? அப்புறம் டெல்டாக்காரர்கள் நெல்லை விட்டுவிட்டு எள்ளுக்கு எப்படி மாறுவார்கள்?

கவின்: அப்போ விலையை உண்மையில் நிர்ணயிப்பது எது?

சுதா அக்கா: பாதிக்குக் காரணம் எண்ணெய் மீதான இறக்குமதி வரி. நாம் சாப்பிடும் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டு எண்ணெய். 2024 செப்டம்பரில் கச்சா பாமாயில் மீதான மொத்த வரியை 5.5-லிருந்து 27.5 சதவீதமாக உயர்த்தினார்கள். 2025 மே கடைசியில் 16.5-ஆகக் குறைத்துவிட்டார்கள். பாமாயில் மட்டுமில்லை, சோயா, சூரியகாந்திக் கச்சா எண்ணெய்க்கும் அதேதான். வரி குறைந்தால் வெளிநாட்டு எண்ணெய் மலிவாகிவிடும், கடலை போட்டவன், எள் போட்டவன் எல்லாருக்கும் அடி அங்கிருந்துதான் வருகிறது.

பெரியப்பா: நம்ம தேங்காய் ஏறினதுக்குக் காரணம் வேற. 2024 கோடை வறட்சி, வெள்ளை ஈ பூச்சி, வேர் வாடல் நோய். மரத்தில் காய் இல்லை. காய் இல்லாதவனுக்கு 200 ரூபாய் விலை இருந்து என்ன?

தங்கமணி சித்தி: மாமா, நீங்க ரேஷன் பாமாயிலைச் சொல்லவே இல்லையே. லிட்டர் 25 ரூபாய்.

பெரியப்பா: அதைத்தான் சொல்ல வந்தேன். ஒரு கையில் கொப்பரைக்கு ஆதார விலை, இன்னொரு கையில் மானியத்தில் பாமாயில். அதுக்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெய் கொடுங்கள் என்று விவசாயிகள் எத்தனை வருஷமாகக் கேட்கிறார்கள். கொப்பரையை வாங்கிக் குடோனில் அடுக்கி, பிறகு அதையே மார்க்கெட்டில் இறக்குவதைவிட அது எவ்வளவோ மேல்.

கவின்: தேங்காய் எண்ணெயை 25 ரூபாய்க்குக் கொடுத்தால் அரசு கஜானா தாங்குமா பெரியப்பா? 😅

பெரியப்பா: 25-க்கு வேண்டாம். கடலை எண்ணெய், நல்லெண்ணெயையும் சேர்த்து, பாதி விலைக்குக் கொடுக்கட்டும். பாமாயிலுக்குப் போகிற மானியப் பணம் நம்ம விவசாயிகளிடமே சுற்றும்.

தங்கமணி சித்தி: எனக்கு வடை சுட பாமாயில் போதும் மாமா. தேங்காய் எண்ணெய் விற்கிற விலையில் தலைக்குத் தேய்க்கவே யோசனையாக இருக்கிறது.

பெரியப்பா: தோப்பு வைத்திருக்கிற வீட்டு மருமகள் பேசுகிற பேச்சா இது!

சுதா அக்கா: 🤣 பெரியப்பா, அடுத்த வெட்டு எப்போது?

பெரியப்பா: தை கடைசியில். காயாகப் போடுவதா, களத்தில் போடுவதா என்று அப்போது விலை பார்த்துச் சொல்கிறேன். கவின், அடங்கல் மட்டும் ஆன்லைனில் எடுத்து அனுப்பி வை. எதற்கும் கையில் இருக்கட்டும்.

கவின்: இன்றைக்கு ராத்திரி அனுப்புகிறேன். சர்வே நம்பரை மட்டும் போடுங்க.

தங்கமணி சித்தி: செக்கில் ஆட்டினால் எனக்கு அஞ்சு லிட்டர், மாமா.

பெரியப்பா: மார்க்கெட் விலைதான்மா. ஆதார விலையெல்லாம் கிடையாது.