தூத்துக்குடி விமான நிலையம் பெருசாகிடுச்சு: வடசென்னையிலிருந்து போய்வந்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தண்டையார்பேட்டையிலிருந்து:

இந்தப் பக்கம் மளிகைக்கடை வைத்திருக்கும் நிறையப் பேருக்குச் சொந்த ஊர் தூத்துக்குடியோ நெல்லையோதான். எனக்குச் சாயர்புரம் பக்கம். கோயில் கொடைக்கோ கல்யாணத்துக்கோ போவதென்றால் முத்துநகர் எக்ஸ்பிரஸ் போதும். விமானம் ஏறுவது துட்டிக்கு, அதாவது சாவு வீட்டுக்குத்தான். காலையில் போன் வரும், சாயங்காலம் எடுத்துவிடுவார்கள். முத்துநகர் எழும்பூரை விட்டுக் கிளம்புவதே இருட்டிய பிறகு. மறுநாள் காலையில் போய் இறங்கி யார் முகத்தைப் பார்ப்பது?

அப்படிப்பட்ட அவசரத்துக்கு வாகைக்குளத்தில் இருக்கும் தூத்துக்குடி விமான நிலையம் பல நேரம் கைகொடுத்ததில்லை. அப்போது ஓடுதளம் 1,350 மீட்டர்தான். விசிறி வைத்த ஏடிஆர் விமானம் இறங்கும், அதைவிடப் பெரியது முடியாது. அதில் இருப்பதே எழுபத்துச் சொச்சம் சீட். அன்றைக்கே டிக்கெட் கேட்டால் இருக்காது. இருந்தால் விலையைக் கேட்டுத் தலை சுற்றும். பெரியப்பா தவறியபோது மதுரையில் இறங்கி கார் பிடித்தேன். அங்கே ஓடுதளம் 2,286 மீட்டர், ஏர்பஸ் வருகிறது, சீட்டும் கிடைத்தது. ஆனால் எட்டயபுரம் தாண்டுவதற்குள் தம்பி மூன்று தடவை கூப்பிட்டுவிட்டான். "அண்ணே, எங்க வாரிய? எடுத்துரலாமான்னு கேக்காவ." போய்ச் சேர்ந்தபோது கல்லறைத் தோட்டத்து வாசலில் பெட்டியை இறக்கி வைத்துக் காத்திருந்தார்கள்.

அதனால்தான் 2025 ஜூலை 26-ல் பிரதமர் புது முனையத்தைத் திறந்தபோது நான் கட்டடத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சுமார் 450 கோடி ரூபாய், 17,340 சதுர மீட்டர், ஆண்டுக்கு 20 லட்சம் பேர் வந்துபோகலாம். எல்லாம் சரி, ஊர்க்காரர்கள் முகப்பில் நின்று செல்ஃபி எடுக்கட்டும். எனக்குப் பெரிய விஷயம் பின்னால் கிடக்கும் தார்தான். ஓடுதளத்தை 3,115 மீட்டராக நீட்டி, அகலத்தையும் 30-லிருந்து 45 மீட்டராக்கியிருக்கிறார்கள். ஏர்பஸ் ஏ321 இறங்கும் அளவு அது. வெயில் ஏறினால் காற்று லேசாகும், விமானம் மேலே எழும்ப இன்னும் கொஞ்ச தூரம் ஓட வேண்டும். ஓட இடமில்லாவிட்டால் ஆளையோ மூட்டையையோ குறைக்க வேண்டியதுதான். தூத்துக்குடி வெயிலுக்கு 1,350 மீட்டர் எப்படிப் பற்றும்? பெரிய விமானங்கள் தினமும் வரிசையாக வந்தால்தான் துட்டி அன்றைக்கு டிக்கெட் விலை இறங்கும். அதுவரை கண்ணாடிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

திருவொற்றியூரிலிருந்து:

அண்ணாச்சி, நம்ம பக்கத்துக் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் மீனம்பாக்கம் போவதே ஒரு பயணம். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ஆட்டோவில் ஊர்ந்து பீச் ஸ்டேஷன் போய், மின்சார ரயிலில் திரிசூலத்தில் இறங்கி, பெட்டியோடு சுரங்கப்பாதையில் நடக்க வேண்டும். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் வந்து, 2022 மார்ச்சில் தேரடி ஸ்டேஷனும் திறந்த பிறகு, தேரடியில் ஏறி உட்கார்ந்தால் நேராக விமான நிலையம்தான்.

இன்னொரு வேடிக்கை. கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகு ஊருக்கு பஸ் ஏறவே விமான நிலையத்தைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது. அவ்வளவு தூரம் வந்துவிட்டோமே, அப்படியே பறந்துவிடலாமா என்று என் மாமனார் ஒவ்வொரு தடவையும் கேட்கிறார். டிக்கெட் விலையைச் சொன்னால் அடங்கிவிடுவார்.

ராயபுரத்திலிருந்து:

எங்கள் குடும்பம் பனிமய மாதா திருவிழாவுக்கு வருஷா வருஷம் போகும். திரும்பும்போது மக்ரூன் இல்லாமல் வர முடியுமா? ஏடிஆரில் தலைக்கு மேலே இருக்கும் பெட்டி சின்னது. மக்ரூன் டப்பாவைப் படுக்கவைத்து இன்னொருவர் பையை அதன் மேல் அமுக்கினால் தீர்ந்தது, முட்டை வெள்ளையில் அடித்துச் செய்தது, தூளாகிவிடும். அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டார். பணிப்பெண் வந்து, கிளம்பும்போது மடியில் வைக்கக் கூடாது, முன் சீட்டுக்கு அடியில் வையுங்கள் என்றார். சாப்பிடுகிற பொருளைக் கால்மாட்டில் வைப்பதா என்று அம்மாவுக்கு வருத்தம். செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு, முந்தானையை மடித்து விரித்து, அதன் மேல் டப்பாவை வைத்த பிறகுதான் பெல்ட் போட்டார்.

புது முனையத்தில் உட்கார இடம் தாராளம், கழிப்பறை சுத்தம். வெளியே வந்தால்தான் பாடு. வாகைக்குளம் தூத்துக்குடி ஊருக்குள் இல்லை, நெல்லை ரோட்டில் இருக்கிறது. எங்களிடம் ஒரு வாடகைக் கார்க்காரர் கேட்ட தொகைக்கு முத்துநகரில் ரெண்டு பேர் ஸ்லீப்பரில் வந்திருக்கலாம். அந்த ரோட்டில் பஸ்கள் ஓடிக்கொண்டேதான் இருக்கின்றன. பெட்டியோடு வாசலிலிருந்து மெயின் ரோடு வரைக்கும் நடந்து பஸ் ஏறியவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள், எந்த பஸ் நிற்கிறது, எது நிற்காமல் போகிறது என்று தெரிந்தால் அடுத்த முறை அம்மாவைக் கூட்டிப்போக உதவும்.