மறைத்து வைத்துக்கொண்டு போகும் துப்பாக்கி: வகுப்பு கட்டாயமா?

டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியை இடுப்பில் மறைத்துக்கொண்டு நடமாடலாம். அமெரிக்காவில் இன்று பாதிக்கு மேற்பட்ட மாநிலங்கள் இந்தப் பக்கம் வந்துவிட்டன. நியூயார்க் நேர் எதிர்: 16 மணி நேர வகுப்பு, 2 மணி நேரம் சுடும் பயிற்சி, எழுத்துத் தேர்வில் 80 சதவீதம். வகுப்பு எடுப்பவர்களும் ரேஞ்சில் (சுட்டுப் பழகும் இடத்தில்) நிற்பவர்களும் கண்ணில் பட்டதைச் சொல்லுங்கள். அரசியல் வேண்டாம். எங்கே கை தவறுகிறது, ஏன் தவறுகிறது, அது போதும்.

*

டெக்சாஸ் லைசென்ஸ் தேர்வையே எடுத்துக்கொள்வோம். 4 முதல் 6 மணி நேர வகுப்பு. பிறகு 50 தோட்டா: 3 கஜத்தில் 20, 7 கஜத்தில் 20, 15 கஜத்தில் 10. இலக்கு பி-27 என்கிற ஆள் உருவப் படம். மொத்தம் 250 புள்ளி, 175 எடுத்தால் தேர்ச்சி. 3 கஜம் என்பது ஒன்பதே அடி. கை நடுங்கினாலும் பெரும்பாலோர் தேறிவிடுவார்கள்.

இதில் கேட்காத ஒன்று இருக்கிறது. துப்பாக்கியை உறையிலிருந்து எடுக்கவும் சொல்வதில்லை, திரும்ப வைக்கவும் சொல்வதில்லை. ஏந்திக்கொண்டு போகிறவர் தினமும் செய்யும் வேலையே அதுதான். தன் தொடையில் தானே சுட்டுக்கொள்வது பெரும்பாலும் உறைக்குள் திரும்பச் செருகும்போது நடக்கிறது. சட்டை நுனி உள்ளே மாட்டும். ஜாக்கெட் நாடாவின் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் குமிழ் ட்ரிகர் (சுடும் விசை) வளையத்துக்குள் புகும். பழைய தோல் உறையின் வாய் தளர்ந்து உள்பக்கம் மடிந்திருக்கும், அந்த மடிப்பே விரல் வேலையைச் செய்துவிடும். கிளாக் மாதிரியான பிஸ்டலில் தனி சேஃப்டி பட்டன் கிடையாது, ட்ரிகர் நடுவில் ஒரு சின்ன நாக்குதான். துணி ட்ரிகரை அழுத்தினால் அந்த நாக்கையும் சேர்த்தே அழுத்தும். தேவைப்படும் இழுப்பு சுமார் இரண்டரை கிலோ. ஆள் தன் எடையைக் கொடுத்துச் செருகும்போது அது ஒரு பொருட்டே இல்லை.

சரியான முறை மெதுவானது. விரல் ட்ரிகரை விட்டு வெளியே, துப்பாக்கியின் பக்கவாட்டில் நேராக. இடது கையால் சட்டையை நெஞ்சு வரை தூக்கி, அந்தக் கையை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். குனிந்து உறையின் வாயைக் கண்ணால் பாருங்கள். வயிற்றுப் பக்கம் வைப்பவர்கள் இடுப்பை முன்னே தள்ளி, குழல் முனை உடம்பை விட்டு விலகி நிற்கும்படி சாய்க்க வேண்டும். சுத்தியல் (தோட்டாவைச் சுட வைக்க அடிக்கும் பாகம்) வெளியே தெரியும் பிஸ்டல் என்றால் அதன் மேல் கட்டைவிரல். ட்ரிகர் அசைந்தால் சுத்தியல் எழும்புவது விரலுக்குத் தெரிந்துவிடும். எங்காவது தடுத்தால் தள்ளாதீர்கள், வெளியே எடுத்துப் பாருங்கள். இன்னும் நல்லது, உறையை பெல்ட்டிலிருந்து கழற்றி, துப்பாக்கியை அதில் வைத்து, மொத்தமாக மாட்டிக்கொள்வது. வேகமாக எடுக்க ஆயிரம் முறை பழகலாம். வேகமாகத் திரும்ப வைக்க எந்தக் காரணமும் இல்லை.

*

மேலே அண்ணா உறை பற்றிச் சொன்னதற்கு அடுத்தது வீட்டு மேசை. துடைக்க எடுக்கும்போது வரிசை மாறுவதுதான் கோளாறு. முதலில் மேகசினை (தோட்டா அடுக்கிய கூடு) உருவ வேண்டும், அப்புறம்தான் ஸ்லைடை (மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) இழுக்க வேண்டும். தலைகீழாகச் செய்தால் சேம்பரில் (குழலின் பின்முனையில், சுடத் தயாராகத் தோட்டா நிற்கும் இடம்) இருந்த தோட்டா வெளியே விழும், கண்ணுக்குத் தெரியும், மனசு நிம்மதியாகும். ஆனால் ஸ்லைடு முன்னே போகும்போது மேகசினிலிருந்து அடுத்ததைச் சேம்பருக்குள் தள்ளிவிட்டிருக்கும். இப்போது மேகசினை எடுத்தால் துப்பாக்கி காலி மாதிரிதான் தெரியும். கிளாக்கைப் பிரிக்க வேண்டுமானால் ட்ரிகரை அழுத்தியே ஆக வேண்டும் என்பது இதற்கு மேல் ஒரு வில்லங்கம். ஸ்லைடைப் பின்னால் பூட்டி, உள்ளே பார்த்து, சுண்டுவிரலை விட்டுத் தடவியும் பாருங்கள். தோட்டாப் பெட்டி அந்த அறையிலேயே இருக்கக் கூடாது.

*

எல்லாம் சரி, கட்டாயம் என்றதும் யார் வெளியே நிற்பார் என்பதையும் பாருங்கள். இல்லினாயில் 16 மணி நேரம், அதாவது முழுசாக இரண்டு நாள். 30 தோட்டாவில் 70 சதவீதம் படத்தில் பட வேண்டும். இரவு ஷிப்ட் கடையில் தனியாக நிற்பவருக்கு இரண்டு நாள் சம்பளம், வகுப்புக் கட்டணம், தோட்டாச் செலவு. துப்பாக்கி ஏந்தும் உரிமை பற்றிய 2022 புரூயன் வழக்குத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே, அளவுக்கு மீறிய கட்டணமும் இழுத்தடிப்பும் சாதாரண மக்களின் உரிமையை மறுத்தால் அவற்றை வழக்கில் எதிர்க்கலாம் என்று அடிக்குறிப்பில் சொல்லி வைத்திருக்கிறது. பென்சில்வேனியா பயிற்சி கேட்காமலே லைசென்ஸ் தருகிறது. மணிக்கணக்கைக் கூட்டுவதைவிட, உறையோடு இரண்டு மணி நேரம் உருப்படியாகச் செய்தால் போதும் என்பது என் கட்சி.

*

சட்டம் தெரியாமல் மாட்டுகிறவர்களும் உண்டு. லைசென்ஸ் வேண்டாம் என்று மாநிலம் சொன்னாலும் கூட்டாட்சிச் சட்டம் அப்படியே இருக்கிறது. பள்ளி எல்லையிலிருந்து 1,000 அடிக்குள் தோட்டா நிரப்பிய துப்பாக்கியோடு தெருவில் போவது குற்றம். அந்தப் பள்ளி இருக்கும் மாநிலமே தந்த லைசென்ஸ் இருந்தால்தான் விலக்கு. ஊருக்குள் வண்டி ஓட்டினால் இந்த 1,000 அடியைத் தொடாமல் போவது கஷ்டம். டெக்சாஸில் லைசென்ஸை இன்றும் ஆட்கள் எடுப்பதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று, மற்ற மாநிலங்கள் மதிப்பது அந்த அட்டையைத்தான்.

டெக்சாஸில் கடை வாசல் பலகைகளில் இருக்கும் சட்டப் பிரிவு எண்களையும் படிக்கத் தெரிய வேண்டும். 30.06 என்றால் லைசென்ஸ் உள்ளவரும் மறைத்துக் கொண்டுவரக் கூடாது. 30.07 வெளியே தெரிய ஏந்துவதற்கு. 30.05 லைசென்ஸ் இல்லாதவருக்கு. சிவப்பில் 51% என்று போட்டிருந்தால் அது சாராயத்தில் பாதிக்கு மேல் வருமானம் பார்க்கும் இடம், துப்பாக்கியோடு உள்ளே போகவே வேண்டாம்.

நம்மவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: எச்1பி, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதே கூட்டாட்சிக் குற்றம், வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் தவிர. நண்பர் தருகிறார் என்று வாங்கி வண்டியில் வைக்காதீர்கள். கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை.

போலீஸ் வண்டியை நிறுத்தினால் உள்விளக்கைப் போட்டு, இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வையுங்கள். டெக்சாஸில் அடையாள அட்டை கேட்டால் லைசென்ஸையும் சேர்த்துக் காட்ட வேண்டும். ஒஹாயோவில் 2022 முதல், துப்பாக்கி இருப்பதைப் போலீஸ் கேட்டால் சொன்னால் போதும். வாயால் சொல்லி, அவர் சரி என்ற பிறகே கையை அசையுங்கள். "துப்பாக்கி" என்ற சொல்லோடு ஆரம்பிக்காமல், "என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது, வலது இடுப்பில் ஏந்தியிருக்கிறேன்" என்பது நல்லது.

*

ஒன்று விட்டுப்போயிற்று, எந்த வகுப்பிலும் அதிகம் சொல்வதில்லை. தினமும் இரவு தோட்டாவை வெளியே எடுத்து, காலையில் அதே தோட்டாவைச் சேம்பரில் ஏற்றுபவர்கள் நிறைய. ஒவ்வொரு தடவையும் அதன் மூக்கு சேம்பருக்குள் ஏறும் சரிவில் இடிக்கிறது. நாளாவட்டத்தில் ஈயக்குண்டு பித்தளைக் கூட்டுக்குள் இறங்கிவிடும். உள்ளே இடம் குறைந்தால் சுடும்போது அழுத்தம் எகிறும், துப்பாக்கி வெடித்துச் சிதறவும் வாய்ப்பு உண்டு. முடிந்தவரை ஏற்றி இறக்காமல் உறையோடு கழற்றிப் பெட்டகத்தில் வையுங்கள். இறக்கியே தீர வேண்டும் என்றால் அந்தத் தோட்டாவைப் புதுப் பெட்டியிலிருந்து எடுத்த அதே ரகத் தோட்டாவுக்குப் பக்கத்தில், மேசைமேல் நிறுத்திப் பாருங்கள். குட்டையாகத் தெரிந்தால் சுட்டுத் தீர்க்காதீர்கள், தனியாக எடுத்து வைத்து ரேஞ்ச் ஆட்களிடம் கொடுத்துவிடுங்கள்.