ஆங்கில 'போர்டு': பலகையா, சாப்பாடா, வாரியமா?

கேள்வி:
பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். ஒரு மாணவி கேட்டாள்: "பிளாக் போர்டும் போர்டு, கரண்ட் ஆபீசும் போர்டு, விமானம் ஏற போர்டிங் பாஸ், லாட்ஜ் வாசலில் போர்டிங் அண்டு லாட்ஜிங். எல்லாம் ஒரே சொல்லா மிஸ்?" தெரிந்தவர்கள் சொல்லுங்களேன், திங்கட்கிழமை அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

பதில் 1:
அந்தப் பிள்ளைக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள் டீச்சர். நான் சரக்குக் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எனக்கு ரொம்பப் பிடித்த சொல் இது.

ஆதியில் போர்டு என்றால் மரப்பலகை. இடைக்கால இங்கிலாந்தின் பெரிய வீடுகளில் மரத் தாங்கிகள் மேல் நீளப் பலகையைப் போட்டுச் சாப்பிடுவார்கள், முடிந்ததும் எடுத்துவிடுவார்கள். அப்படிப் பலகையே மேசை ஆயிற்று, அதில் வைத்த சாப்பாட்டுக்கும் அந்தப் பெயரே வந்தது. லாட்ஜ் வாசலில் இருப்பது இந்தப் பொருள்தான்: போர்டிங் சாப்பாடு, லாட்ஜிங் தங்கல். மேசையைச் சுற்றி உட்கார்ந்து முடிவெடுப்பவர்களும் போர்டு ஆனார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி மெட்ராசில் ரெவின்யூ போர்டு வைத்தது. மின்வாரியமும் அந்த வழிதான்.

போர்டிங் பாஸ் கடல் வழியாக வந்தது. பழைய ஆங்கிலத்தில் கப்பலின் பக்கத்துக்கும் போர்டு என்று பெயர். அது தனி வேர் என்பாரும் உண்டு. ஆனால் இரண்டும் அப்போதே கலந்துவிட்டன. அதிலிருந்து கப்பலில் ஏறுவது போர்டிங் ஆயிற்று, பிறகு விமானத்துக்கும் அதே சொல் வந்தது. அந்தக் காலக் கப்பல்களில் சுக்கான் துடுப்பு வலது பக்கம் இருக்கும். 'ஸ்டியர்' செய்யும் பக்கம் ஸ்டார்போர்டு, இடது பக்கம் லார்போர்டு. புயலில் கத்தினால் இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும், உயிர் போகிற விஷயம்! 1844-ல் பிரிட்டிஷ் கடற்படை லார்போர்டை விட்டுவிட்டு, துறைமுகத்தைக் குறிக்கும் 'போர்ட்' என்றே சொல்ல உத்தரவிட்டது. இன்றும் "ஸ்டார்போர்டு டென்", அதாவது சுக்கானை வலப்பக்கம் பத்து டிகிரி திருப்பு, என்று ஆணை வந்தால், சுக்கான் பிடிப்பவர் அதையே உரக்கத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் சக்கரத்தைத் திருப்புவார்.

பதில் 2:
சீட்டாட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கையை மேசைக்குக் கீழே கொண்டுபோகாமல் ஆடினால் 'அபவ் போர்டு'. ஒளிவுமறைவு இல்லை என்று பொருள்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி ஐயா. அலமாரியைச் சொல்கிறோமே கபோர்டு, அதுவும் இதில் சேருமா?

பதில் 1:
சேரும் டீச்சர். கோப்பைகளை அடுக்கி வைக்கும் திறந்த மேசைக்குத்தான் முதலில் அந்தப் பெயர். கதவெல்லாம் பிற்பாடு வந்தது. உச்சரிப்பு தேய்ந்து 'கபர்ட்' ஆகிவிட்டதால் உள்ளே போர்டு இருப்பது காதுக்குத் தெரியாது. அந்தப் பிள்ளையைக் கரும்பலகையில் எழுத்துக் கூட்டி எழுதச் சொல்லுங்கள், தானே கண்டுபிடித்துவிடுவாள்.