பிரெமிஸ், கன்க்ளூஷன்: ‘முன்கூற்று, முடிவு’ போதுமா?

மடல் 1 | வழிகாட்டியின் தொகுப்பாளர்

அனைவருக்கும் வணக்கம்.

சட்டப் படிப்பு நுழைவுத் தேர்வு எழுதுவோருக்கான தமிழ் வழிகாட்டியில் தர்க்கப் பகுதி சொல்லுக்காகக் காத்திருக்கிறது. இந்தியத் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வின் பாடத்திட்டத்தில் வாதத்தையும் அதன் பிரெமிஸ் (ஆதாரமாக வைக்கும் கூற்று), கன்க்ளூஷனையும் (அந்த ஆதாரத்தால் நிறுவப்படும் கூற்று) இனங்காண்பது வெளிப்படையாகவே இடம்பெற்றிருக்கிறது. அமெரிக்க, கனடியச் சட்டக் கல்லூரிகளுக்கான எல்சாட்டில் 2024 ஆகஸ்டிலிருந்து ‘லாஜிக் கேம்ஸ்’ என்ற புதிர்ப் பகுதி இல்லை. மதிப்பெண்ணில் சேரும் மூன்று பகுதிகளில் இரண்டு வாதப் பகுதிகள்தாம். 35 நிமிடத்தில் 24 முதல் 26 கேள்விகள், அதாவது கேள்விக்கு ஒன்றரை நிமிடம்கூட முழுதாகக் கிடைக்காது. தேர்வு ஆங்கிலத்தில் என்றாலும், வாதத்தைப் பிரித்துப் பார்க்கும் பழக்கத்தைத் தமிழில் சொல்லிக்கொடுத்தால் சீக்கிரம் பிடிபடுகிறது.

வரைவில் இப்போது இருப்பவை ‘முன்கூற்று’, ‘முடிவு’. இரண்டும் இடத்தைச் சொல்கின்றன, வேலையைச் சொல்லவில்லை. ‘முன்’ என்றதும் முதல் வரியையும் ‘முடிவு’ என்றதும் கடைசி வரியையும் மாணவர் அடிக்கோடிடுகிறார். தேர்வு வைப்பவர்களோ கன்க்ளூஷனை முதல் வரியில் வைப்பார்கள், நடுவில் புதைப்பார்கள், கடைசி வரியில் ஒரு பிரெமிஸைப் போட்டு ஏமாற்றுவார்கள். சொல்லே பொறியாகிவிடக் கூடாது. பரிந்துரை வேண்டுகிறேன்.

மடல் 2 | இலங்கையிலிருந்து, அளவையியல் ஆசிரியர்

வணக்கம் ஐயா. பிரெமிஸுக்குப் புதுச்சொல் தேவையில்லை. எங்கள் உயர்தர வகுப்பில் ‘அளவையியலும் விஞ்ஞானமுறையும்’ ஒரு பாடம். அதில் நெடுங்காலமாக ‘எடுகூற்று’ என்றுதான் வழங்குகிறோம். வாதத்துக்கென எடுத்துக்கொண்ட கூற்று. முதலில் வந்தாலும் கடைசியில் வந்தாலும் பெயர் பொருந்தும். கன்க்ளூஷனுக்கு நாங்களும் ‘முடிவு’, ‘முடிவுக்கூற்று’ என்றே எழுதுகிறோம். அங்கே நீங்கள் சொல்லும் குறை உண்டு.

> ‘காரணம்’ என்று வைத்துவிட்டால் எளிது அல்லவா?

தனிமடலில் ஒருவர் கேட்டது இது. வேண்டாம். ‘சாலை நனைந்திருக்கிறது, இரவு மழை பெய்தது.’ சாலை நனைந்திருப்பதை எல்லாரும் பார்த்தாயிற்று என்றால் மழை அதற்குக் காரணம். அது விளக்கம், வாதமன்று. மழை பெய்ததா என்று ஒருவர் சந்தேகப்பட, நனைந்த சாலையைக் காட்டி ‘பெய்திருக்க வேண்டும்’ என்றால்தான் வாதம். அப்போது நனைந்த சாலை எடுகூற்று. மழைக்கு அது காரணமா? இல்லையே! இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் இந்த வேறுபாட்டைக் கற்பிக்கவே முடியாது.

மடல் 3 | பழைய உரைகளில் பழகிய ஒருவர்

எடுகூற்றுக்கு என் வாக்கு. தமிழ்நாட்டு மாணவர் ‘கூற்று, காரணம்’ வகைக் கேள்வியை டிஎன்பிஎஸ்சி தாள்களிலேயே பார்த்திருப்பார். அங்கே கூற்று சரியா, காரணம் சரியா, இது அதை விளக்குகிறதா என்பதுதான் கேள்வி. அந்தப் பழக்கத்தோடு இங்கே வந்தால் ‘காரணம்’ இன்னும் குழப்பும்.

பழைய சொற்களையும் பார்த்துவிடலாம். மணிமேகலையின் 29ஆம் காதையில் ஐந்து உறுப்புகள் வருகின்றன: பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம். மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம். புகை இருப்பதால் என்பது ஏது. அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம். சிவஞானபோதத்தில் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு. அழகான சொற்கள், ஆனால் காலம் கடந்துவிட்டது. ‘பக்கம்’ இன்று புத்தகத்தில் புரட்டுவது. ‘மேற்கோள்’ என்றால் பிறர் சொன்னதை அப்படியே எடுத்து எழுதுவது. ‘ஏது’வை ‘ஏது எழுதியிருக்கிறாய்?’ என்று படிப்பார்கள். கன்க்ளூஷனைக் குறிக்கும் ‘நிகமனம்’ மட்டும் பொருள் மாறவில்லை, அதற்குக் காரணம் அதை யாரும் பயன்படுத்தாததுதான்.

‘துணிபு’ என்று யோசித்தேன். ‘என்பது என் துணிபு’ என்று இன்னும் எழுதுகிறோம். ஆனால் அதில் சொல்பவரின் உறுதி தொனிக்கிறது. தேர்வில் வரும் கன்க்ளூஷன் பல நேரம் ‘ஒருவேளை’, ‘வாய்ப்பு உண்டு’ என்று தணிந்தே வரும். அந்த ‘ஒருவேளை’யை விட்டுவிட்டு வலுவாகச் சொல்லும் விடைதான் மிகச் சாதாரணமான பொய்விடை.

உரையாசிரியர்கள் ‘இதனால் பெறப்படுவது’, ‘என்பது பெறப்பட்டது’ என்பார்கள். அதிலிருந்து ‘பெறுகூற்று’. எடுத்தது எடுகூற்று, அதிலிருந்து பெற்றது பெறுகூற்று. இரண்டும் வினைத்தொகை, ஆகவே வல்லினம் மிகாது. ‘பெறுக்கூற்று’ என்று யாரும் எழுதிவிட வேண்டாம்.

மடல் 4 | தொகுப்பாளர்

நன்றி ஐயா. ஒரு பத்தியில் வைத்து உரசிப் பார்த்தேன்.

“(1) பேருந்து நிலையத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோனால் கடைத்தெரு படுத்துவிடும் என்கிறார்கள் வணிகர்கள். (2) அந்த அச்சம் தேவையற்றது. (3) கடைத்தெருவுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் உள்ளூர்க்காரர்கள். (4) அவர்கள் நடந்தோ சொந்த வண்டியிலோதான் வருகிறார்கள். (5) எனவே நிலையம் எங்கிருந்தாலும் அவர்கள் வரத்துக் குறையாது.”

‘எனவே’யைப் பார்த்து (5) என்று குறிப்பவர்களே அதிகம். தப்பு. இரண்டு கூற்றுகளை எடுத்து, ஒவ்வொன்றையும் பார்த்து ‘எதை வைத்துச் சொல்கிறாய்?’ என்று கேட்க வேண்டும். (5)ஐக் கேட்டால் (3), (4) பதில் சொல்கின்றன. (2)ஐக் கேட்டால் (5) பதில் சொல்கிறது. (2)ஐ வைத்து வேறு எதையும் யாரும் நிறுவவில்லை. ஆக (2) தான் பெறுகூற்று. (5) கீழே இருப்பவற்றுக்குப் பெறுகூற்று, மேலே இருப்பதற்கு எடுகூற்று. இதை ‘இடைப்பெறுகூற்று’ எனலாமா? ஒரு குறிப்பிட்ட வரி வாதத்தில் என்ன வேலை செய்கிறது என்று கேட்கும் வினாக்களில் இந்த இரட்டை வேடம்தான் அடிக்கடி மாட்டிவிடுகிறது.

இன்னொன்று. (2)ஐ அப்படியே எழுதினால் விடைகளோடு ஒப்பிட முடியாது. ‘அந்த அச்சம்’ எது என்று விரித்து, ‘நிலையம் வெளியே போனாலும் கடைத்தெரு படுக்காது’ என்று முழு வாக்கியமாக்கிய பிறகே விடைகளுக்குப் போக வேண்டும்.

(1)க்குப் பெயர்? எழுதியவரின் கருத்தன்று அது.

மடல் 5 | பழைய உரைகளில் பழகிய ஒருவர்

நன்னூலின் எழுவகை மதத்தில் (நூலாசிரியர் கைக்கொள்ளும் ஏழு கொள்கைகளில்) ‘பிறர்தம் மதமேற்கொண்டு களைவு’ என்று ஒன்று உண்டு, அதாவது பிறர் கொள்கையை முதலில் எடுத்துக்கொண்டு பின் நீக்குவது. இந்தப் பத்தி செய்வது அதற்கு நெருக்கமானது. ஆனால் ‘பிறர்மதம்’ என்று வைத்தால் மதமாற்றம் பற்றிய பாடம் என்று நினைப்பார்கள். ‘பிறர்கூற்று’ போதும். ‘சிலர் கருதுகிறார்கள்’ என்று தொடங்கி ‘ஆனால்’ வந்தால், அந்த ‘ஆனாலு’க்கு அடுத்ததை முதலில் சோதிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் பத்தியில் சொல்லாமல் விட்ட ஒன்றும் இருக்கிறது. வருபவர்களில் பெரும்பாலோர் உள்ளூர்க்காரர் சரி. வாங்கும் தொகையில் பெரும்பங்கும் அவர்களுடையதா? திருமணச் சேலையும் நகையும் வாங்கச் சுற்றுக் கிராமத்திலிருந்து பேருந்தில் வரும் பத்துப் பேர், தினம் கறிவேப்பிலை வாங்கும் நூறு பேரை விஞ்சிவிடலாம். (5)க்கும் (2)க்கும் நடுவே இருக்கும் இந்த ஓட்டையை மூட, சொல்லாமலே எடுத்துக்கொண்ட கூற்றுதான் அஸம்ப்ஷன். வேற்றுமைத்தொகையில் உருபு தொக்கி நிற்பது போல நிற்கிறது. ஆகவே ‘தொக்ககூற்று’. ‘தொகுகூற்று’ என்றால் சுருக்கம் என்று பொருள்பட்டுவிடும்.

மடல் 6 | இலங்கையிலிருந்து

பெறுகூற்றும் தொக்ககூற்றும் எனக்குச் சம்மதம். ஒரு எச்சரிக்கை. ‘எனவே’, ‘ஏனெனில்’ போன்றவற்றைச் ‘சுட்டுச்சொல்’ என்று வரைவில் கண்டேன். இலக்கணத்தில் அது வேறு. ‘அடையாளச்சொல்’ என்று மாற்றுங்கள்.

அதோடு, தமிழ் அடையாளச்சொற்களை ஆங்கிலத்துக்கு அப்படியே ஏற்றினால் கால் வழுக்கும். ‘புகை உள்ளது ஆதலால்’ என்று கடைசியில் ஒட்டினால் முன்னே இருப்பது எடுகூற்று. ‘ஆதலால்’ என்று வாக்கியம் தொடங்கினால் பின்னே வருவது பெறுகூற்று. ஒரே சொல், நிற்கும் இடத்தால் வேலை மாறுகிறது. ஆங்கிலத்தில் ‘ஆதலால்’ என்ற பொருளில் வரும் ‘சின்ஸ்’ எங்கே நின்றாலும் அதன் கிளைவாக்கியம் எடுகூற்றே. நேரத்தைக் குறிக்கும் ‘சின்ஸ்’ மட்டும் விலக்கு. ‘எனவே’ என்ற பொருள் தரும் ‘தேர்ஃபோர்’ முன்னே நின்று ‘தேர்ஃபோர், சின்ஸ்...’ என்று அடுத்தடுத்து வந்தால் பெறுகூற்று தேர்ஃபோருக்கு ஒட்டினாற்போல் இல்லை. சின்ஸ் கிளை முடியும் காற்புள்ளிக்கு அப்பால் இருக்கிறது. தமிழில் வினை கடைசியில் வருவதால் முக்கியமானது கடைசியில் வரும் என்று எங்கள் கண் பழகியிருக்கிறது. அடையாளச்சொல்லே இல்லாத பத்தியில் இந்தப் பழக்கம்தான் தவறவிடும்.

மடல் 7 | தொகுப்பாளர்

திருத்திவிட்டேன்: எடுகூற்று, பெறுகூற்று, இடைப்பெறுகூற்று, பிறர்கூற்று, தொக்ககூற்று, அடையாளச்சொல். முதல் பாடத்தில் மட்டும் ‘பெறுகூற்று, அதாவது கன்க்ளூஷன்’ என்று ஒருமுறை வரும். ‘முடிவு’ என்ற சொல் இனிக் கேள்வித்தாள் முடியும் நேரத்துக்கு மட்டும்.

‘இருந்தாலும்’, ‘என்றபோதிலும்’ என்று எழுதியவரே விட்டுக்கொடுத்துச் சொல்லும் வரி எடுகூற்றும் அல்ல, பிறர்கூற்றும் அல்ல. அதற்கு ‘ஒப்புகூற்று’ என்று எழுதி வைத்திருக்கிறேன். ஒப்பீடு என்று படிக்கப்படுமோ என்ற தயக்கம் இருக்கிறது. வேறு தோன்றினால் எழுதுங்கள்.