கவுன்சலிங் வேலைக்கு நடுவே அளந்து பார்க்க வழி உண்டா?

கேள்வி:
மாவட்ட மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவில் ஆறு வருடமாகச் சமூகப் பணியாளராக இருக்கிறேன். கேஸ் ஷீட்டில் "முன்னேற்றம் உள்ளது" என்று எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. போன வாரம் ஒரு அம்மா, "நான் தேறிட்டேனா மேடம்?" என்று கேட்டார். நாலு மாதக் குறிப்பைப் புரட்டினேன். பதில் சொல்ல அதில் ஒன்றுமே இல்லை. மனசு கேட்கவில்லை. ஓபி நாளில் மூச்சுவிட நேரமில்லை, முன்னேற்றத்தை அளப்பதை எப்படித் தொடங்குவது?

பதில் 1:
மனச்சோர்வு என்றால், அதன் தீவிரத்தை அளக்கும் பிஎச்கியூ-9 என்ற கேள்வித்தாள் போதும் மேடம். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்வி, மொத்தம் 27 புள்ளி. 5 புள்ளி குறைந்தால் நல்ல மாற்றம். படிக்கத் தெரியாதவருக்கு நீங்களே வாசியுங்கள். ஆனால் ஒன்பதாவது கேள்வி சாகும் எண்ணத்தைப் பற்றியது. அதில் 0 தவிர எது வந்தாலும் அன்றைக்கே உட்கார்ந்து பேசிவிட வேண்டும். தாளைக் கோப்பில் சொருகிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடக் கூடாது.

பதில் 2:
கூடவே, சிகிச்சைக்கு வருபவரே சொல்லும் அளவு ஒன்றும் வேண்டும். என்னிடம் வந்த ஒருவர் "வாரத்தில் எத்தனை நாள் அடுப்பு பற்ற வைத்தேன்" என்பதைத் தேர்ந்தெடுத்தார். கவுன்சலிங் தொடங்கும் முன்பே இரண்டு மூன்று முறை குறித்தால்தான் ஒப்பிட முடியும். கட்டம்போட்ட தாளில் புள்ளி வைத்து அவரிடமே காட்டுங்கள். அப்புறம், இதைக் கட்டுரையாக்கும் எண்ணம் இருந்தால் நெறிமுறைக் குழு அனுமதியை முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

கேட்டவர்:
நன்றி. அந்த அம்மா வியாழக்கிழமை வருகிறார். கட்டம்போட்ட நோட்டு வாங்கிவிட்டேன்.